மலையக நீர்த்தேக்கத்தில் வருஷம் முழுக்கத் தூண்டில்: ஒரு முழு வழிகாட்டி

காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் முதன்முதலாகத் தூண்டிலோடு போய் நின்ற அன்றைக்கு, பக்கத்தில் குந்தியிருந்த பெரியவர் என் புதுக் கம்பையும் பார்க்கவில்லை, ரீலையும் பார்க்கவில்லை. "தம்பி, தண்ணி ஏறுதா எறங்குதான்னு பாத்தியா?" என்றார். முழித்தேன். நீர் கரையைத் தொடும் இடத்தில் ஒரு தேயிலைக் குச்சி நட்டிருந்ததைக் காட்டினார். முந்தின நாள் சாயங்காலம் தண்ணீர் அந்தக் குச்சியைத் தொட்டுக்கொண்டு இருந்ததாம். இப்போது மூன்று விரல் கீழே போயிருந்தது. "எறங்குற தண்ணியில இந்த மூலையில நின்னு என்னத்தப் புடிப்ப? மாமா சொல்றதக் கேளு, அந்த முனைக்குப் போ."

போனேன். அன்று பிடித்தது ஒரே ஒரு கார்ப், ஒன்றரைக் கிலோ இருக்கும். ஆனால் அந்தக் குச்சியை இன்றுவரை விடவில்லை. கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்தக் குச்சியிலிருந்து கிளம்பியதுதான்.

நம் நீர்த்தேக்கங்கள் மின்சாரத்துக்காகக் கட்டியவை. கெஹெல்கமு ஓயாவை மறித்து 1965இல் காசல்ரீ வந்தது. அதன் தண்ணீர் சுரங்கம் வழியாக விமலசுரேந்திர மின்நிலையத்துக்குப் போகிறது. மஸ்கெலியா ஓயாவை மறித்து 1969இல் மவுஸ்ஸாக்கலை வந்தது, பழைய மஸ்கெலியா நகரத்தைத் தண்ணீருக்குள் வைத்து. 1985இல் கொத்மலையும் விக்டோரியாவும், 2012இல் தலவாக்கலையில் மேல் கொத்மலையும் வந்தன. இங்கே மீனுக்கு நாட்காட்டி மழை ஒன்றும், டர்பைன் ஒன்றும். கரையைச் சுற்றித் தெரிகிற புல் முளைக்காத செம்மண் வளையம் எவ்வளவு அகலம் என்று பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும்.

எந்தத் தண்ணீரில் எந்த மீன்

வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது இரண்டு: ட்ரவுட் எங்கே, பைக் எங்கே. பைக் இலங்கையில் கிடையாது. அது ஐரோப்பா, வட அமெரிக்கா, வட ஆசியா எனக் குளிர்நாட்டு மீன். இல்லாதது நல்லதுதான். கண்ணாடித் தொட்டியில் வளர்த்த டேங் கிளீனரையும் கத்தி மீனையும் குளங்களில் கொட்டியே போதுமான வம்பை வாங்கியிருக்கிறோம்.

ட்ரவுட் இருக்கிறது, ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. வெள்ளைக்காரர்கள் 1880களில் பழுப்பு ட்ரவுட் முட்டையைக் கப்பலில் கொண்டுவந்து நுவரெலியாப் பக்க ஓடைகளில் விட்டார்கள். பிறகு வந்த ரெயின்போ ட்ரவுட்தான் இங்கே நிலைத்தது. 1896இல் இதற்கென்றே ஒரு மீன்பிடிக் கழகமும் ஆரம்பித்தார்கள். ட்ரவுட்டுக்கு 10 முதல் 18 பாகை வரைக்குமான குளிர்ந்த, ஓடிக்கொண்டே இருக்கிற, ஒட்சிசன் நிறைந்த நீர் வேண்டும். 20 தாண்டினால் தவிக்கத் தொடங்கும். ஏறத்தாழ 1,100 மீற்றர் உயரத்தில் இருக்கிற காசல்ரீயில் அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். நான் அங்கே ஒன்றைக்கூடக் கண்டதில்லை.

காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை, மேல் கொத்மலையில் நம்பி உட்காரக்கூடியவை கார்ப்பும் திலாப்பியாவும். சாதாரண கார்ப் 1915இல் நாட்டுக்குள் வந்தது, திலாப்பியா 1952இல். ரோகு, கட்லா, புல் கார்ப் போன்றவற்றின் குஞ்சுகளை நக்டா என்று எல்லாரும் சொல்கிற நீருயிரின வளர்ப்பு அதிகாரசபை நாட்டின் நீர்த்தேக்கங்களில் விடுவதால் அவையும் இடையிடையே மாட்டும். வாயோரம் இரண்டு சோடி மீசை தெளிவாகத் தெரிந்தால் அது சாதாரண கார்ப். கொத்மலை தாண்டிக் கீழே விக்டோரியா, ரந்தெனிகல என்று இறங்கினால் விரால் ஆட்டம். பைக் தேடி ஏமாந்தவர்களுக்கு அதுதான் மருந்து: பதுங்கியிருந்து பாயும், தவளை பொம்மையைக் கண்டால் தண்ணீரே வெடிக்கும்.

முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது

அணைக்கட்டு, வான்கதவு, சுரங்க வாய், மின்நிலையம் இவற்றின் அருகே தூண்டில் போடக்கூடாது. காவல் இருக்கிறது, காரணமும் இருக்கிறது. மற்றக் கரைகளிலும் நீங்கள் நிற்பது அநேகமாக ஏதோவொரு தோட்டத்து நிலம். டிவிசன் வோச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் போதும், சொல்லாமல் போனால் சண்டை. எந்தக் கரையில் தூண்டிலுக்கு அனுமதி வேண்டும், எப்போது தடை என்பதை மாவட்ட நக்டா அலுவலகத்திலும், அந்த நீர்த்தேக்கத்து மீனவர் சங்கத்திலும் கேளுங்கள். வலை போடுகிறவர்கள் அதை நம்பிப் பிழைக்கிறவர்கள். அவர்கள் வலைக்குப் பக்கத்தில் எறிய வேண்டாம். டைனமைட், விஷம், கரண்ட் வைப்பது, தங்கூசி (நைலோன் இழை) வலை எல்லாமே சட்டவிரோதம்.

சாமான்

கம்பு இரண்டு வகை. மூங்கில் என்றால் 10 முதல் 12 அடி, நிழலில் உலர்த்தியது. வளைந்திருந்தால் லேசாகத் தீயில் வாட்டி நிமிர்த்தலாம். திலாப்பியாவுக்கு இதைவிட நல்ல கம்பு கிடையாது என்பது என் பிடிவாதம். கார்ப் பிடிக்க ரீல் வேண்டும், ஏனென்றால் 3 கிலோ கார்ப் ஒரே ஓட்டத்தில் 30 மீற்றர் இழுத்துக்கொண்டு போகும். 9 அடி ராட், நடுத்தர ரீல், 0.28 அல்லது 0.30 மில்லிமீற்றர் தங்கூசி.

தங்கூசியில் கஞ்சத்தனம் வேண்டாம். டவுன் கடையொன்றின் வாசலில் மாசக்கணக்காக வெயிலில் தொங்கிய சுருளை மலிவென்று வாங்கி, என் வாழ்க்கையின் மிகப் பெரிய கார்ப்பை அதிலேயே தொலைத்தேன். கையில் சுற்றி வெடுக்கென்று இழுத்தால் நூல் மாதிரி அறுந்தது, மீன் போன பிறகுதான் இழுத்துப் பார்த்தேன். நீங்கள் கடையிலேயே இழுத்துப் பாருங்கள்.

தூண்டில் முள், கார்ப்புக்கு 6 அல்லது 8, திலாப்பியாவுக்கு 10 அல்லது 12. இலக்கம் கூடக்கூட முள் சின்னதாகும். தக்கைக்குக் காசு செலவழிக்காதீர்கள். தேய்ந்த இறப்பர் செருப்பைச் சுண்டுவிரல் அளவு வெட்டி நடுவே ஈர்க்குச் செருகினால் முடிந்தது.

முடிச்சு: தங்கூசியை முள்ளின் கண்ணுக்குள் விட்டு, நுனியை மற்ற இழையோடு ஆறு சுற்றுச் சுற்றி, கண்ணுக்குப் பக்கத்தில் உண்டான சின்ன வளையத்துக்குள் நுழைத்து, எச்சில் தொட்டு மெதுவாக இறுக்குங்கள். எச்சில் படாமல் இறுக்கினால் உரசிய சூட்டில் இழை பலம் இழக்கும்.

இரை

மரக்கறித் தோட்டத்து எருக்குவியலில் எடுக்கிற சிவப்பு மண்புழு எல்லாவற்றுக்கும் பொது. எடுத்த மண்ணோடும் நாலு இலையோடும் பழைய பால்மாப் பேணியில் போட்டு, மூடியில் துளையிட்டால் நாலு நாள் நிற்கும்.

மாவு உருண்டைக்கு ஆளுக்கொரு இரகசியம் உண்டு. என்னுடையது: ஒரு கோப்பை கோதுமை மா, அரைக் கோப்பை இடித்த தேங்காய்ப் புண்ணாக்கு, ஒரு அவித்த உருளைக்கிழங்கு, ஒரு ஏலக்காய். தண்ணீரைக் கைகையாகத் தெளித்து, ரொட்டிக்குப் பிசைவதைவிட இறுக்கமாகப் பிசையுங்கள். கடைசியில் ஒரு சிட்டிகை பஞ்சைப் பிய்த்துச் சேர்த்துப் பிசைந்தால் முள்ளில் பிடித்து நிற்கும். ஒரு உருண்டையைக் கிளாஸ் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். கால் மணி நேரம் கரையாமல் இருந்தால் சரி. மிச்சப் புண்ணாக்கை மண்ணோடு பிசைந்து, தோடம்பழ அளவு உருண்டையாக, தூண்டில் விழப்போகிற இடத்தில் இரண்டு மூன்று எறியுங்கள். பத்து உருண்டை எறிகிறவர் மீனுக்கு விருந்து வைக்கிறார், பிடிக்க வரவில்லை.

தண்ணீர் வற்றும்போது கொப்பியோடு ஒரு நடை

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். பெப்ரவரி முடிந்து ஏப்ரல் வரை, மழை பிந்திய வருஷங்களில், தண்ணீர் நன்றாக இறங்கிவிடும். மவுஸ்ஸாக்கலையில் பழைய மஸ்கெலியாவின் கோயில் இடிபாடு தலைகாட்டினால் ஊர்ச்சனம் படம் எடுக்கப் போவார்கள். நீங்கள் பள்ளிக்கூடக் கொப்பியோடு போங்கள்.

மழைக்காலத்தில் நீங்கள் தூண்டில் வீசப் போகிற தரை அப்போது வெட்டவெளியாகக் கிடக்கும். வெட்டாமல் விட்ட மரக்குற்றி, பழைய ரோட்டின் மதகு, வீட்டு அத்திவாரம், ஓயா முன்பு ஓடிய பள்ளம், எல்லாம் தெரியும். கரையில் எப்போதும் நிற்கிற ஒரு மரத்தையோ பாறையையோ அடையாளமாக வைத்து, அங்கிருந்து அடி எண்ணிக்கொண்டு நேராக நடங்கள். "பெரிய சவுக்கிலிருந்து, கோயில் மலையைப் பார்த்து, 42 அடி: குற்றி. 60 அடி: பள்ளம் இறங்குது." இப்படித்தான் என் கொப்பியில் இருக்கிறது. ஜூலையில் அதே சவுக்கடியில் நின்று அதே மலையைப் பார்த்து எறிகிறபோது, பக்கத்தில் இருப்பவர் முள் குற்றியில் மாட்டி அறுத்துக்கொள்வார், நீங்கள் குற்றிக்கு ஒரு முழம் இப்பால் போடுவீர்கள்.

தரையில் சட்டி கவிழ்த்து எடுத்தது போல வட்ட வட்டக் குழிகள் கூட்டமாகக் கிடந்தால், அது ஆண் திலாப்பியா கூடு தோண்டிய இடம். தண்ணீர் திரும்பி அந்த மட்டத்துக்கு வரும்போது அங்கே மறுபடி தோண்டும். குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மேலே வெடித்துக் காய்ந்து தெரிகிற சேறு உள்ளே கூழாக இருக்கும். என் சித்தப்பா மகன் செருப்போடு ஒரு எட்டு வைத்தான், தொடைவரை போனான். அசைய அசைய இன்னும் இறங்கியது. மூங்கில் கம்பைக் குறுக்கே போட்டு, அதன்மேல் நெஞ்சை வைத்துப் படுக்கச் சொல்லி, அரை மணி நேரம் இழுத்தோம். செருப்பு இன்னும் காசல்ரீக்குள்தான். புல் முளைத்த தரை, மணல், கல் இவற்றில் மட்டும் நடங்கள். தனியே போகாதீர்கள்.

மாதம் மாதமாக

டிசம்பர், ஜனவரி: மேற்குச் சரிவில் மழை ஓய்ந்து குளிர் ஏறும். சிவனொளிபாதமலைப் பருவம் தொடங்கி நல்லதண்ணி ரோடு நிறைந்திருக்கும். விடிகாலையில் போய் நடுங்குவது வீண். நீர் 20 பாகைக்குக் கீழே போனால் திலாப்பியாவின் வாய் மந்தமாகிவிடும், 16க்குக் கீழே அநேகமாகத் தின்னவே தின்னாது. பத்து மணிக்கு மேல், வெயில் விழுகிற கரையில், சின்ன முள்ளில் சின்னப் புழு. பொறுமைசாலிகளுக்கு மட்டும்.

பெப்ரவரி முதல் ஏப்ரல்: தண்ணீர் இறங்கி, தெளிந்து இருக்கும். மீன் உங்களை முதலில் பார்த்துவிடும். முனைகள், பழைய ஓயாப் பள்ளத்தின் விளிம்பு, ஆழம் சடாரென்று இறங்குகிற இடம், இவைதான். மெல்லிய தங்கூசி, கரையில் நடமாட்டம் குறைவு. கொப்பி நடையும் இப்போதுதான். ஏப்ரலில் பின்னேர இடி தொடங்கும்.

மே கடைசியிலிருந்து செப்டெம்பர்: தென்மேற்கு மழை. இதுதான் எங்கள் அறுவடை. மாதக்கணக்காகக் காய்ந்த கரையில் முளைத்த புல்லை ஏறுகிற தண்ணீர் மூடும்போது, புல்லடியில் இருக்கிற புழு பூச்சியைத் தின்னக் கார்ப் முழங்கால் ஆழத்துக்கே வரும். அந்த வாரங்களில் தூர எறிகிறவன் மீனைத் தாண்டி எறிகிறான். கரைக்கு இரண்டு கம்பு தூரம் போதும். மழை கொட்டி ஓடை கலங்கி வந்து விழுகிற வாயில், கலங்கலும் தெளிவும் சந்திக்கிற கோட்டில், புழுவைப் போடுங்கள். காற்று எந்தக் கரையை நோக்கி அடிக்கிறதோ அந்தக் கரையில் நில்லுங்கள். முகத்தில் சாரல் அடிக்கும், ஆனால் மிதக்கிற தீனியெல்லாம் அங்கேதான் ஒதுங்கும். புல்லுக்குள் கார்ப் கூட்டமாகப் புரண்டு தண்ணீரை அடித்தால் அது முட்டை இடுகிறது, அன்று தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். வயிறு பெருத்தது மாட்டினால் விட்டுவிடுவேன். எல்லாரும் விடுவதில்லை.

அட்டைக்குக் காலில் சவர்க்காரத்தை ஈரமில்லாமல் தடவிக்கொள்வது எங்கள் வைத்தியம்.

ஒக்டோபர், நவம்பர்: தேக்கம் பெரும்பாலும் நிறைந்திருக்கும், காலை வெளிச்சமாகவும் பின்னேரம் இடியாகவும் போகும். காலையோடு முடித்துக்கொள்ளுங்கள். கார்பன் ராட் மின்சாரத்தைக் கடத்தும். முதல் முழக்கம் கேட்டதும் அதைத் தரையில் போட்டுவிட்டுக் கரையை விட்டு நகருங்கள். கீழ்ப் பக்கத் தேக்கங்களில் சிவப்புக் குஞ்சுக் கூட்டம் நீர்மேல் கொப்பளிப்பதைக் கண்டால் அடியில் தாய் தகப்பன் விரால் காவல் நிற்கும். அதைப் பிடிப்பது சுலபம். பிடித்தால் அந்தக் குஞ்சு அவ்வளவும் மற்ற மீனுக்குத் தீனி.

ஒரு நாள் உட்காரும் முறை

போனதும் குச்சியை நடுங்கள். கம்பை எடுக்காமல் கால் மணி நேரம் பாருங்கள். சேற்றிலிருந்து குட்டிக் குமிழ்கள் கொத்தாக எழும்பி, நகர்ந்து நகர்ந்து எழும்பினால், அடியில் கார்ப் மூக்கால் கிண்டுகிறது. ஒரே இடத்தில் குமிழ் வந்தால் வெறும் சேற்று வாயு.

அடுத்து ஆழம் பார்க்க வேண்டும். முள்ளில் ஒரு ஈயக்கட்டியைக் கோர்த்து எறியுங்கள். தக்கை மூழ்கினால் அதை மேலே நகர்த்துங்கள். படுத்துக் கிடந்தால் கீழே. நுனி மட்டும் தெரிகிற மட்டம் வந்ததும் ஈயத்தைக் கழற்றி, கார்ப்புக்கு இன்னும் நாலு விரல் ஆழம் கூட்டுங்கள், இரை தரையில் படுக்க வேண்டும். திலாப்பியாவுக்குத் தரையிலிருந்து ஒரு முழம் மேலே தொங்கட்டும்.

திலாப்பியா டக் டக்கென்று கொத்தும், தக்கை ஆடும். ஓரமாக ஓடத் தொடங்கும்போது சுண்டுங்கள். கார்ப் வேறு மாதிரி. தக்கை முதலில் மேலெழும்பிப் படுக்கும், இரையை வாயால் தூக்குகிறது. கை துடிக்கும், இழுக்காதீர்கள். படுத்த தக்கை வழுக்கிக்கொண்டு போய் உள்ளே இறங்கும்போது கம்பை உயர்த்துங்கள், அவ்வளவுதான், வெடுக்கென்று இழுக்க வேண்டாம். ரீலின் பிரேக்கை முன்பே தளர்த்தி வைத்திருந்தால் அது ஓடட்டும். குற்றியைப் பார்த்து ஓடினால் மட்டும் கம்பைப் பக்கவாட்டில் சாய்த்துத் திருப்புங்கள். கரைக்கு வந்ததும் கடைசியாக ஒரு ஓட்டம் ஓடும், பாதிப்பேர் அதில்தான் விடுகிறார்கள். கைவலையை முதலே தண்ணீருக்குள் வைத்து, மீனை அதன்மேல் கொண்டுவாருங்கள்.

முள் குற்றியில் மாட்டினால் அறுத்துவிடுங்கள். ஒரு முள்ளுக்காக நீந்திப் போய்த் திரும்பாத ஆட்களை இந்தக் கரைகள் பார்த்திருக்கின்றன. அணைக்குக் கீழே ஆற்றில் இறங்கவே வேண்டாம்; கதவு திறந்தால் சைரன் ஊதும், ஆனால் பாறைக்கு நடுவே நிற்பவனுக்கு ஓட நேரம் இருக்காது. மரத்தடியில் உட்காருமுன் மேலே குளவிக்கூடு இருக்கிறதா பாருங்கள். பொழுது சாய்ந்தபின் தேயிலை நடுவே தனியே வராதீர்கள், சிறுத்தை நடமாடுகிற பாதைகள் அவை.

ட்ரவுட்டுக்குப் போகிறவர்களுக்கு

ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. ஓடையில் மீன் ஓடுவது கண்ணுக்குத் தெரியும், அனுமதி இல்லாமல் தூண்டிலை எடுத்தீர்களோ வழக்குத்தான். நுவரெலியாவைச் சுற்றிய மேட்டு ஓடைகளிலும் நிலம் யாருடையது, உரிமை யாரிடம் என்று விசாரித்து, எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள்.

கிடைத்தால், வேலை எளிது, கை நுட்பம். ஓடையில் ட்ரவுட் நீர் வருகிற திசையைப் பார்த்துத்தான் நிற்கும். ஆகவே கீழிருந்து மேலாக, குனிந்து, நிழல் நீரில் விழாமல் ஏறுங்கள். கல்லுக்குப் பின்னால் நீர் சுழன்று அமைதியாகிற இடத்துக்கு ஒரு முழம் மேலே சின்ன ஸ்பின்னரையோ பூச்சி கட்டிய முள்ளையோ விழவைத்து, ஓட்டத்தோடு வரவிடுங்கள். இரண்டு எறிதலில் வரவில்லையென்றால் அடுத்த கல். முதுகுச் செட்டைக்கும் வாலுக்கும் நடுவே சதைத் துணுக்குப் போல ஒரு குட்டிச் செட்டை இருக்கும், விலாவில் ரோசாக் கோடு, அதுதான் ரெயின்போ. கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். முள்ளின் எதிர்க்கொக்கியை இடுக்கியால் நசுக்கி வைத்திருந்தால் தண்ணீருக்குள் வைத்தே கழற்றி விட்டுவிடலாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்தது

எடுத்துக்கொள்வதை உடனே தலையில் ஒரே அடி, பிறகு செவுளை வெட்டி இரத்தம் வடியவிடுங்கள். கார்ப்பில் சேற்று வாடை என்று முகம் சுளிப்பவர்களுக்கு: வயிற்றுக்குள் இருக்கிற கறுப்புத் தோலை உப்புக்கல்லால் தேய்த்து எடுத்து, மஞ்சளும் தேசிக்காயும் பூசி அரை மணி நேரம் வையுங்கள். முதுகுச் சதையில் கவட்டை முள் நிறைய உண்டு. தோல் பக்கமாகக் கால் அங்குல இடைவெளியில் கத்தியால் நெருக்கமாகக் கீறி, நிறைந்த எண்ணெயில் பொரித்தால் அந்த முள்ளும் சேர்ந்து முறுகிவிடும். தலையும் வாலும் கொறுக்காய்ப் புளி போட்டுக் குழம்பு. எங்கள் வீட்டில் அன்றிரவு அதைத் தொட விடமாட்டார்கள், மறுநாள் காலை ரொட்டிக்குத்தான்.